தொட்டால் பேசும் பலகை

நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்று அவள் ஒரு சத்தம் போட்டால் தண்ணீருக்கடியில் இருப்பவனுக்கும் கேட்கும் என்பார்கள். கழுத்தில் விசில் தொங்கும். அதை அவள் ஊதிப் பார்த்தவர் யாருமில்லை. பிள்ளைகளும் பெற்றோர்களும் அவளைக் கோச் என்றே கூப்பிட்டார்கள். கட்டிய புருஷனுக்கே சில நேரம் வாய்தவறி அந்தப் பெயர்தான் வரும்.

அவன் அவளிடம் நீச்சல் கற்றுக்கொள்ளப் போய் அவளையே கட்டிக்கொண்டவன். பெரியவர்களுக்கான வகுப்பில், இடுப்பளவுத் தண்ணீரில் கம்பியைப் பிடித்த பிடி விடாமல் நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்து, "ஆமையாரே! கம்பி எங்கயும் ஓடாது, விடுங்க! கால உதைங்க!" என்று அவள் கத்த, குளமே சிரித்தது. நீச்சல் கடைசிவரை அரைகுறையாகவே நின்றுபோனது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோபம் என்றாலும் ஆமையார்தான், கொஞ்சல் என்றாலும் ஆமையார்தான். சந்தைக் கூட்டத்தில் அவனைக் காணவில்லை என்றால், நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "ஆமையாரே!"

ஆமை என்று அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. அவன் எதையும் மெதுவாகச் செய்கிறவன், ஆனால் செய்ததைத் திருத்த வேண்டியிருக்காது. டிக்கெட் கொடுக்கும் இயந்திரம், மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் இயந்திரம் போன்றவற்றின் தொடுதிரைகளை வடிவமைப்பது அவன் வேலை. பொத்தானை எங்கே வைத்தால் விரல் தானாகப் போகும், கண் மங்கியவருக்கு எவ்வளவு பெரிதாக வேண்டும், கை நடுங்குகிறவர் பக்கத்துப் பொத்தானை அழுத்தாமல் இருக்க எத்தனை இடைவெளி விட வேண்டும் என்று யோசித்து யோசித்தே அவன் தலையில் பாதி முடி கொட்டியிருந்தது.

நோய் முதலில் அவள் நாக்கில்தான் தெரிந்தது. ஒருநாள் காலை வகுப்பில் "மூச்ச விடு" என்று கத்தப் போனவளுக்கு "மூச்ச விழு" என்று வந்தது. பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார்கள். அடுத்த வாரமும் அப்படியே குழறியது. வாரம் போகப் போக, கோச் குடித்துவிட்டு வருகிறாளோ என்று ஒரு அப்பா அலுவலகத்தில் போய்ச் சொல்லியே விட்டார். அந்த அவமானத்தில்தான் டாக்டரிடம் போனார்கள். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். அவர் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். நாக்கையும் தொண்டையையும் ஆட்டுவிக்கிற நரம்புகள் செத்துக்கொண்டு வருகின்றன, பிறகு கை, பிறகு கால், பிறகு மூச்சு என்று அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பேச்சு எவ்வளவு நாள் இருக்கும் டாக்டர்?" என்று அவளேதான் கேட்டாள்.

"மாசக்கணக்குதாம்மா. அதுக்கு முன்னாடியும் போகலாம்."

வெளியே வந்ததும் அவள் வண்டிச் சாவியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நீங்க ஓட்டினா நான் ஊமையான பிறகுதான் வீடு போய்ச் சேருவோம்" என்றாள். அவன் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்ட் ஒரு பிடிஎஃப் கோப்பை அனுப்பினார். பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு படமும் அடியில் ஒரு வார்த்தையுமாக இருந்தது. தண்ணீர், பசி, தூக்கம், வலி, விளக்கைப் போடு. "அச்சடிச்சு அட்டையில ஒட்டிக்குங்க. பேச்சு நின்ன பிறகு விரலால காட்டலாம்" என்றார். அவனுக்கு அட்டை மனசுக்கு ஒப்பவில்லை. ஊரெல்லாம் தட்டுகிற திரையை வரைகிறவன், பெண்டாட்டி கையில் அட்டையைக் கொடுப்பதா? அலுவலகத்தில் திரை வரைகிற மென்பொருள் கருவியில் இந்தப் பக்கங்களை ஏற்றி, ஒவ்வொரு படத்தையும் பொத்தானாக்கி, டேப்லெட்டில் போட்டுவிடலாம் என்றான். தொட்டால் பேச வேண்டும், அதுவும் அவள் குரலிலேயே.

"நல்ல யோசனை" என்றார் தெரபிஸ்ட். "ஆனா முதல்ல குரலை எடுத்துடுங்க. படத்தை எப்ப வேணா செய்யலாம்."

"கண்டிப்பா மேடம்" என்றான். வீட்டுக்கு வந்து படத்தைத்தான் ஆரம்பித்தான்.

அந்தக் கருவியில் பிடிஎஃப்பைக் கொண்டுவர இரண்டு வழி இருந்தது. முழுப் பக்கத்தையும் ஒரே படமாக இறக்கலாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எதையும் பிரிக்க முடியாது. இல்லையென்றால் திருத்தக்கூடிய துண்டுகளாக இறக்கலாம். அவன் துண்டுகளாக இறக்கினான். திரை முழுக்கக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்த மாதிரி ஆனது. தண்ணீர்க் குவளையின் விளிம்பு தனி, நிழல் தனி, கைப்பிடி தனி. தூங்குகிறவனின் தலையணை பக்கத்துக் கட்டத்தில் போய் விழுந்திருந்தது. எழுத்துகளோ இன்னும் மோசம். அந்தப் பழைய எழுத்துரு கருவிக்குத் தெரியவில்லை. கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. புள்ளிகள் மொத்தமாகக் காணாமல் போயிருந்தன.

அவள் அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். "என்ன இது, என் நாக்கை மாதிரியே இருக்கு" என்றாள். பிறகு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். பல் வலி என்ற கட்டத்தில் புள்ளி போய், பல வலி என்று இருந்தது. "உண்மையைத்தானே சொல்லுது!" என்றாள். அதற்கடுத்த கட்டத்தில் கால் வலி, கால வலியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அவளுக்குப் புரையேறினால் இப்போதெல்லாம் சீக்கிரம் அடங்குவதில்லை. அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றான்.

அவளுடைய தங்கை பக்கத்துத் தெருவில் இருந்தாள். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளராக வேலை. சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்த முதல் வேலையாக, "குரல் எடுத்தாச்சா அத்தான்?" என்று கேட்பாள்.

"எழுத்தெல்லாம் உடைஞ்சு கிடக்கு. சரி பண்ணிட்டு ஒரேயடியா எடுத்துடலாம்."

"எழுத்து எங்கயும் போகாது அத்தான். போனை எடுத்து, பேச வச்சு, பதிவு பண்ணுங்க. இதுக்கு என்ன பெரிய வித்தை?"

"ஃபேன் சத்தம் விழும். ஒரு லீவு நாள் பார்த்து, அமைதியா இருக்கும்போது எடுக்கலாம்."

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா, விடு என்பதுபோலக் கையைக் காட்டினாள். அவளுக்குத் தெரியும். அவன் கண் கொம்பையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்தது. காது அவள் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நேற்று தெளிவாக வந்த "ற" இன்று வழுக்குவதைக் குளத்தில் இருந்த யாரையும்விட முதலில் கேட்டவன் அவன்தான். ஒலிவாங்கியை அவள் முன்னால் வைத்துவிட்டால், இனிமேல் இவள் பேச மாட்டாள் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். அதனால் தலையணையைத் தூங்குகிறவனின் தலைக்கடியில் வைத்தான். குவளைக்குக் கைப்பிடியை ஒட்டினான். ஒவ்வொரு வார்த்தையையும் புதிதாகத் தட்டச்சு செய்தான். அவள் விரல் இனி எப்படியெல்லாம் தளரும் என்று மருத்துவப் பக்கங்களைப் படித்து, பொத்தான்களைப் பெரிதாக்கினான், மறுபடியும் பெரிதாக்கினான். வேலை அற்புதமாக வந்துகொண்டிருந்தது. குரல் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் தெரபிஸ்ட்தான் சத்தம் போட்டார். மாதப் பரிசோதனைக்குப் போனபோது, இன்னும் பதிவு செய்யவில்லை என்று கேட்டதும், அவருக்கு முகமே மாறிவிட்டது. "சார், நீங்க படிச்சவர். இவங்க 'க'வும் 'ர'வும் போன மாசம் எப்படி இருந்துச்சு தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

"தெரியும் மேடம்" என்றான் அவன். அதற்குமேல் அவரால் திட்ட முடியவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்தார்கள். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, தங்கை வாசலில் காவல் நின்றாள். முதல் பொத்தான் 'தயவுசெய்து'.

"இதை நான் பொறந்ததுலேர்ந்து சொன்னதில்லையே" என்றாள் கோச். "ஆமையாரே, நான் சொன்னா யாராவது நம்புவாங்களா? எடுங்க அதை."

"மேடம் குடுத்தது."

"மேடம் பேசறதா இருந்தா மேடம் சொல்லட்டும். பேசப் போறது நான்."

அதற்குப் பிறகு பலகையே மாறிப்போனது. தயவுசெய்து போனது; 'சீக்கிரம்' வந்தது. 'எனக்குச் சோர்வாக இருக்கிறது' போய், 'கிளம்பு, போதும்' வந்தது. 'பேசாம இரு', 'கதவைச் சாத்து', 'நீ சாப்பிட்டியா?', 'மொக்கை போடாதே', 'கால உதை!' என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் அதற்கெல்லாம் படம் வரைந்தான். 'மொக்கை போடாதே' என்பதற்கு என்ன படம் வரைவது என்று குழம்பி நின்றபோது, "உங்க மூஞ்சியப் போடுங்க" என்றாள். போட்டான். சில வார்த்தைகள் நன்றாக விழுந்தன. சிலவற்றில் எச்சில் கோத்து, யார் கேட்டாலும் புரியாதபடி ஆனது. 'கதவைச் சாத்து' எத்தனை முறை எடுத்தும் தேறவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "விடு, கதவு திறந்தே கிடக்கட்டும்" என்றான் அவன்.

அவள் களைத்துப்போனாள். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பலகையின் மேல் மூலையில், எல்லாவற்றையும்விடப் பெரிய பொத்தான்: அவனைக் கூப்பிடுவது. ஒரு ஆமையை வரைந்து வைத்திருந்தான்.

"அதையும் எடுத்துடலாம்" என்றாள் மூச்சு வாங்கியபடி.

"நாளைக்கு எடுக்கலாம். தொண்டை கட்டியிருக்கு. நாளைக்குக் காலையில நல்லா வரும்."

"இப்பவே…"

"நாளைக்கும்மா."

மறுநாள் காலை அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. எச்சில் உள்ளே இறங்கி நுரையீரலில் சளி கட்டியிருந்தது. மூச்சுத் திணறி, உதடு நீலம் பாரித்து, ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். ஆக்சிஜன் முகமூடிக்குள் அது வெறும் ஆவியாகத்தான் படிந்தது. மருத்துவமனையில் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். உயிர் பிழைத்தாள். குரல் அதோடு போயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு டேப்லெட்தான் அவள் வாய். அதை வைத்துக்கொண்டு அவள் பழையபடியே வீட்டை ஆட்டிப் படைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பார்க்க வந்து, படுக்கையருகே உட்கார்ந்து, உச்சுக்கொட்டிக்கொண்டே எழுந்திருக்க மறந்த ஒரு சொந்தக்காரரைப் பார்த்து, 'கிளம்பு, போதும்' என்று தட்டினாள். கணீரென்று வந்த அந்தக் குரலில் மனிதர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். தங்கை சமையலறைக்கு ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குளத்துப் பிள்ளைகள் வந்து சுவரோரம் வரிசையாக நின்றபோது 'கால உதை!' என்று தட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பெரிய பெண் ஒருத்தி மட்டும் அழுதுகொண்டே வெளியே போனாள்.

ஆமைப் பொத்தான் மட்டும் ஊமையாக இருந்தது. வேண்டுமானால் இயந்திரக் குரலைப் போடலாம் என்றார் தெரபிஸ்ட். போட்டுப் பார்த்தான். ரயில் வருகிற அறிவிப்பு மாதிரி ஒரு பெண் "ஆமையாரே" என்றாள். கோச் 'பேசாம இரு' என்று அதற்குப் பதில் தட்டினாள். பிறகு தங்கை, "என் குரலும் அக்கா குரலும் ஒண்ணுதான்னு போன்ல எல்லாரும் சொல்வாங்க. நான் சொல்லிப் பாக்கட்டுமா?" என்றாள். சொன்னாள். அச்சு அசலாக இருந்தது. கோச் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து, மெல்ல விரலை நகர்த்தி, 'வேண்டாம்' என்பதைத் தொட்டாள். தங்கை, "சாரிக்கா, சாரிக்கா" என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அதனால் அந்தப் பொத்தானுக்கு வெறும் வெளிச்சத்தை வைத்தான். தொட்டால் திரை முழுக்க மஞ்சளாக மினுக்கும். மினுக்குவது தெரிய வேண்டுமென்றால் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவன் தன் மேசையை அவள் கட்டிலுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டான். அலுவலக வேலையும் அங்கேதான், சாப்பாடும் அங்கேதான். மினுக்கினால் எழுந்து போவான். சில நேரம் ஒன்றுமே வேண்டியிருக்காது. அவன் வருகிறானா என்று பார்க்கத்தான் தட்டியிருப்பாள். "என்ன?" என்பான். அவள் கண்ணால் சிரிப்பாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் கை முழுக்க ஓய்ந்தது. ஒற்றை விரல் மட்டும் கொஞ்சம் அசையும். அவன் பொத்தான்களைக் குறைத்தான். பக்கத்துக்கு நாலு, பிறகு இரண்டு.

ஒருநாள் மதியம் அவன் அலுவலகத்துக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. புதிய டோக்கன் இயந்திரத்தை வாங்குகிறவர்கள் நேரில் பார்க்க வந்திருந்தார்கள். தங்கை லீவு போட்டுவிட்டு அக்காவோடு இருந்தாள். கூட்டத்தின் நடுவில் அவன் போன் அதிர்ந்தது. எடுத்தான். எதிர்முனையில் அழுகை மட்டும்தான் கேட்டது. அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

எல்லாம் முடிந்து, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, தங்கை அவன் எதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி சொன்னாள். "கஷ்டப்படல அத்தான். மூச்சு மெதுவா ஆயிட்டே போச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி மினுக்குச்சு. நான் போய், அத்தான் வந்துட்டே இருக்காருன்னு சொன்னேன். மறுபடியும் மினுக்குச்சு."

"வந்துட்டே இருக்காருன்னு பொய் சொல்லிட்டேன் அத்தான்" என்று அவள் தேம்பினாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

சில வாரம் கழித்துத் தெரபிஸ்ட் போன் செய்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினார். தையல்காரர் ஒருவருக்கு இதே நோய். அந்தப் பலகையைக் கொடுத்தால் அவருக்குப் பயன்படும்.

"அது அவளோடது மேடம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். அவனோடு வாதாடவில்லை. "அந்தத் தையல்காரர் இன்னும் பேசறாராமா?" என்று மட்டும் கேட்டாள். அவன் போனை எடுத்து அதையே தெரபிஸ்டிடம் கேட்டான். இப்போதைக்குப் பேசுகிறார், அடுத்த மாதம் சொல்ல முடியாது என்றார்.

அன்று சாயங்காலமே நகல் எடுத்தான். பலகையைக் கொடுக்கலாம், அவள் குரலைக் கொடுக்க முடியாது. நகலில் இருந்து ஒவ்வொரு ஒலியையும் நீக்க வேண்டும். அந்தக் கருவியில் ஒரு வழக்கம்: ஒலியை நீக்கத் தேர்ந்தெடுத்தால், இதுதானா என்று ஒருமுறை ஒலித்துக் காட்டும். "நீ சாப்பிட்டியா?" என்றது. அவன் விரல் நின்றுவிட்டது.

"சத்தத்தைக் குறைக்கட்டுமா?" என்றாள் தங்கை.

"குறைக்காத."

மூலக் கோப்பில் எல்லாம் பத்திரமாகவே இருக்கிறது. அது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தை ஒலித்து மறையும்போதும், அவளை மறுபடியும் கொஞ்சம் வழியனுப்புவதுபோல் இருந்தது. பாதியில் அவனால் முடியாமல் போயிற்று. நாற்காலியைத் தள்ளி எழுந்து நின்றான். தங்கை அந்த இடத்தில் உட்கார்ந்து, எங்கே தொட வேண்டும் என்று கேட்டு, மீதியை அவள் செய்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, அத்தனை நாளாக வராத அழுகையை அவன் அழுதான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்று முடிந்து அடுத்ததற்குப் போகும் முன், அவன் மூச்சு சீராகட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தாள்.

முடிந்ததும் கோப்பைத் தெரபிஸ்டுக்கு அனுப்பினான். 'படம் மெதுவா சரி பண்ணிக்கலாம், முதல்ல குரலை எடுக்கச் சொல்லுங்க' என்று கூடவே எழுதினான். 'சரி சார்' என்று உடனே பதில் வந்தது.

தங்கை கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டியவள் அங்கேயே நின்றாள். இந்த வீட்டுக்குத் தினமும் வந்து போக அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. இனிமேல் இல்லை.

"நாளைக்கு வரட்டுமா அத்தான்?"

"வா."

"வந்து என்ன பண்றது?"

"சும்மா வா" என்றான்.

மறுநாள் வேலை முடிந்து வந்தாள். அவன் கதவைத் திறந்துவிட்டு, டீ போட உள்ளே போனான். இரண்டு பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து குடித்தார்கள். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். டீ நன்றாக இல்லை. அவள் அதைச் சொல்லாமல் குடித்தாள்.